விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறும் புதியவர்களுக்கு வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் ஏன் சண்டித்தனம் செய்கின்றன? எப்படிச் சரிசெய்வது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால்: லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் ரகத்தை நிறுவினீர்கள், வைஃபை ஐகானே வரவில்லை, லேப்டாப் மாடலின் பெயரைப் போட்டுத் தேடிக் கிடைத்த கட்டளைகளையெல்லாம் அடித்துப் பார்த்தீர்கள், நடுவில் ஏதோ ஒரு குறிப்பை நம்பி, ஒலியைக் கவனிக்கும் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருளை நீக்கினீர்கள், இப்போது ஒலியும் போய்விட்டது.

முதலில், இனி எந்தக் கட்டளையையும் அடிக்காதீர்கள். உறவினர், நண்பர் வட்டத்தில் "லினக்ஸ் தெரிந்த பையன்" என்று பெயர் வாங்கிவிட்ட பாவத்துக்காக இப்படிப்பட்ட கணினிகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலானவற்றில் அசல் கோளாறு சின்னதாக இருக்கும். அதன்மேல் ஆளாளுக்குச் சொன்ன வைத்தியம் நாலு அடுக்கு ஏறியிருக்கும். 2012இல் வேறொருவருடைய கணினிக்கு எழுதிய பதில் தேடலில் இன்றைக்கும் முதலில் வந்து நிற்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி டிரைவரை லினக்ஸில் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் என்ற கருவியை இன்னும் சிபாரிசு செய்கிறவர்களைக்கூடப் பார்க்கிறேன். தேதி பார்க்காமல் மாத்திரை விழுங்கலாமா?

அடுத்து, மாடல் பெயரை மறந்துவிடுங்கள். லேப்டாப்பின் மூடியில் இருக்கும் பெயரை லினக்ஸ் பொருட்படுத்துவதே இல்லை. ஒரே மாடலில் இந்த மாதம் ஒரு நிறுவனத்தின் வைஃபை சிப்பும் அடுத்த மாதம் இன்னொன்றும் இருக்கும். யுஎஸ்பி வைஃபை அடாப்டர்களில் இதற்குப் பேர்போன உதாரணம் டிபி-லிங்க் டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏதரோஸ் சிப். லினக்ஸில் செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்; அதோடு பலர் மல்லுக்கட்டினார்கள். பெயர் அதேதான், தோற்றமும் ஏறத்தாழ அதேதான். முதல் பதிப்பைப் பாராட்டி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டாம் பதிப்பை வாங்கி ஏமாந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு.

லினக்ஸுக்குத் தெரிந்ததெல்லாம் சிப்பின் அடையாள எண். டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று அடித்து, இடம் விட்டு ஒரு சிறு கோடும் ஒட்டினாற்போல் என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து என்டர் தட்டுங்கள். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள். யுஎஸ்பி சாதனம் என்றால் எல்எஸ்யுஎஸ்பி மட்டும் போதும். எல்எஸ்பிசிஐ தரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடுங்கள். வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குள் 8086:3165 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முன்பாதி நிறுவனத்துக்கு, பின்பாதி சிப்புக்கு. 8086 என்றால் இன்டெல். 1978இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற ப்ராசசரின் எண்ணையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள், குறும்பு பிடித்தவர்கள். இனித் தேடும்போது இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். விடைகள் சட்டென்று தரம் மாறும்.

அதே இடத்தில் கீழே இன்னொரு வரி முக்கியம்: "கர்னல் டிரைவர் இன் யூஸ்". கர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி. அந்த வரி இல்லையென்றால் சிப்பை எந்த டிரைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருளான ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஏதோ ஒன்று ரேடியோவை அணைத்து வைத்திருக்கலாம்.

டிரைவர் ஏன் இல்லாமல் போகிறது? விண்டோஸில் டிரைவர் எழுதுவது சிப் தயாரிப்பவரின் பொறுப்பு. லேப்டாப் நிறுவனம் அதை ஏற்றி, சோதித்து, விற்கிறது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கர்னலுக்குள்ளேயே குடியிருக்கின்றன. அதனால்தான் விண்டோஸ் கைவிட்ட எத்தனையோ பழைய சாதனங்கள் இதில் செருகியவுடன் ஓடுகின்றன. ஆனால் கர்னலுக்குள் இடம்பிடிக்காத சிப்புக்கு நாதியில்லை.

பிராட்காம் சிப்களின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 2000களின் நடுவில் அந்த நிறுவனம் தன் வைஃபை சிப்களின் தொழில்நுட்ப விவரத்தைத் தரவில்லை. தன்னார்வலர்கள் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழு சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று எழுதிவைக்க, அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து இன்னொரு குழு புதிதாக டிரைவர் எழுதியது. 2006இல் அது கர்னலுக்குள் போனது. இவ்வளவு செய்தும், சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை விநியோகிக்க உரிமம் இல்லை. ஆகவே நிறுவனத்தின் டிரைவர் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுக்கத் தனியாக ஒரு கருவியே எழுதினார்கள். வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும்: பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. 2010 செப்டம்பரில் பிராட்காமே புதிய சிப்களுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. ஆனாலும் பிசிஎம்43142 போன்ற சில சிப்கள் இன்றும் நிறுவனத்தின் மூடிய டிரைவரையே நம்பி இருக்கின்றன.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர இன்று எளிய வழி உண்டு. யாரும் புதியவர்களிடம் முதலில் சொல்வதில்லை. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையமே கணினிக்கு வரும், டேட்டா தீராது. கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். இணையம் வந்ததும் உபுண்டுவின் அடிஷனல் டிரைவர்ஸ் கருவியைத் திறந்து பாருங்கள். பிராட்காம் சிப்பாக இருந்தால் பெரும்பாலும் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லேப்டாப் புதிது, லினக்ஸ் பதிப்பு பழையது என்றாலும் இதே அறிகுறிதான். விலை குறைந்த லேப்டாப்களில் நிறைய வந்த ஆர்டிஎல்8821சிஇ சிப்புக்கு 2020இல் வந்த 5.9 கர்னலில்தான் உள்ளேயே ஆதரவு கிடைத்தது. அதற்கு முன் வெளியிலிருந்து டிரைவர் இறக்கி, நாமே தொகுத்து நிறுவ வேண்டியிருந்தது. அந்தக் காலத்து வழிகாட்டிகளைப் பார்த்து இன்றும் சிலர் அந்த டிரைவரை நிறுவி, உள்ளே ஏற்கனவே இருப்பதோடு மோதவிடுகிறார்கள். யுநேம் கட்டளையோடு சிறு கோடும் ஆர் எழுத்தும் சேர்த்தால் கர்னல் எண் தெரியும். பழையதென்றால் டிரைவர் தேடுவதைவிடக் கர்னலைப் புதுப்பிப்பதே மேல்.

ஃபர்ம்வேர் இல்லையென்றால் கர்னல் அதை வாய்விட்டுச் சொல்லும். கர்னலின் குறிப்பேட்டைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரு கோப்பின் பெயரும், ஏற்ற முடியவில்லை என்ற செய்தியும், கடைசியில் எரர் -2 என்றும் இருக்கும். -2 என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்பதற்கான எண் அது. கோப்பின் பெயரையே கையில் கொடுத்துவிட்டார்கள், எந்தப் பொதியில் (பேக்கேஜில்) இருக்கிறதென்று தேடி நிறுவினால் முடிந்தது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் ரகத்தில் இந்தத் தொல்லை நெடுங்காலம் இருந்தது. சுதந்திர மென்பொருள் கொள்கை காரணமாக இத்தகைய கோப்புகளை நிறுவல் வட்டில் சேர்க்க மாட்டார்கள். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் சேர்க்கத் தொடங்கினார்கள். கொள்கைப் பிடிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வைஃபை இல்லாத கணினியை வைத்துக்கொண்டு ஒரு புதியவர் எந்தச் சுதந்திரத்தைக் கொண்டாடுவார்?

ரேடியோ அணைந்திருக்கிறதா என்பதை ஆர்எஃப்கில் லிஸ்ட் என்ற கட்டளை சொல்லும். விண்டோஸையும் கூடவே வைத்திருந்தால் அதிலுள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டவுன் செய்தாலும் அது கணினியை அரைத்தூக்கத்தில்தான் விடுகிறது. சில வைஃபை கார்டுகள் அந்த நிலையிலிருந்து லினக்ஸுக்கு எழுந்து வருவதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் கவிழ்வது, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டில். வெளியிலிருந்து நிறுவிய டிரைவரில் நம்பகமான கையொப்பம் இல்லையென்றால் கர்னல் அதை ஏற்றாது. உபுண்டு இதற்காக நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். புதியவர் ஏதோ ஒன்றை அடித்துவிட்டு மறந்துவிடுவார். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து விநாடி எண்ணும். வைரஸோ என்று பயந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கணினி பாட்டுக்குத் தொடங்கிவிடும், வைஃபை வராது. விசையை அழுத்தி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். வாய்ப்பைத் தவறவிட்டால் டிரைவரை மறுபடி நிறுவி முதலிலிருந்து தொடங்குங்கள். செக்யூர் பூட்டையே அணைப்பது இன்னொரு வழி. ஆனால் விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளாமல் பயாஸ் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் ஒலிக்கு வருகிறேன். பல்ஸ்ஆடியோவை நீக்கச் சொல்வது ஒரு காலத்துச் சர்வரோக நிவாரணி. இன்றைய உபுண்டுவில் அந்த வேலையைப் பைப்வயர் பார்க்கிறது. எந்தப் பதிப்பானாலும், நீக்கும்போது கூடவே வேறு பொதிகளையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். உபுண்டு-டெஸ்க்டாப் என்ற பொதியை மறுபடி நிறுவினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அதன்பிறகும் அமைப்புகளில் டம்மி அவுட்புட் என்று மட்டும் காட்டினால், புதிய இன்டெல் லேப்டாப்களில் அது பெரும்பாலும் சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் இல்லாத குறை. டெர்மினலில் ஒலி அளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரைத் திறந்தும் ஒருமுறை பாருங்கள்: ஒலிப்பட்டைக்கு அடியில் எம்எம் என்று இருந்தால் மியூட் ஆகியிருக்கிறது, எம் விசையை அழுத்தினால் திறக்கும்.

கிராஃபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்துக்கு நடுவிரலைக் காட்டியதே போதும். அதற்குப் பத்தாண்டு கழித்து, 2022 மே மாதத்தில், கர்னல் பகுதியின் மூலநிரலை அவர்கள் திறந்துவிட்டார்கள். உபுண்டு பரிந்துரைக்கும் டிரைவரை நிறுவுங்கள், நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாக இறக்காதீர்கள்.

பிரிண்டரில் நான் தோற்றிருக்கிறேன். சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் நம்மூர்க் கடைகள் பலவற்றில் காணும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர். நிறுவனத்தின் லினக்ஸ் டிரைவர் 32 பிட் காலத்தது. 64 பிட் கணினியில் அதற்கான பழைய நூலகங்களைத் தேடிப் போட்டு, தனிச் சேவை ஒன்றை ஓடவிட்டு, ஒருவழியாக ஒரு பக்கம் வந்தது. அடுத்த அப்டேட்டில் நின்றுவிட்டது. "விண்டோஸில்தான் ஓடுகிறதே தம்பி, கடையில் கூட்டம் நிற்கிறது" என்றார் சித்தப்பா. அந்த பிரிண்டர் இன்றும் விண்டோஸில்தான் இருக்கிறது. புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் ஆதரவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அவற்றுக்குத் தனி டிரைவரே வேண்டாம், லினக்ஸில் அச்சுவேலையைப் பார்க்கும் கப்ஸ் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

வைஃபைக்கும் கடைசி வழி அதுதான்: மாற்றிவிடுவது. வைஃபை கார்டைக் கழற்றி மாட்டக்கூடிய எம்.2 இடம் உள்ள லேப்டாப் என்றால் லினக்ஸில் நன்றாக ஓடும் இன்டெல் கார்டை வாங்கிப் பொருத்தலாம். ஒரு திருகு, இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள். ஒயர்முனை டிக்கென்று உட்காரும் வரை நேராக அழுத்த வேண்டும், சாய்த்து அழுத்தினால் நெளிந்துவிடும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ் வேறு கார்டுகளை ஏற்காது, ப்ராசசருக்குள் பாதி வேலையை வைத்திருக்கும் சிஎன்விஐ ரகக் கார்டுகள் எல்லா லேப்டாப்பிலும் ஓடாது. இரண்டையும் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். அதற்குமுன் எல்எஸ்பிசிஐ காட்டும் அந்த எண்ணைக் கருத்துரையில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.