பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: ஸ்டீரிங் ஆடுகிறது, வளைவில் பின்பக்கம் பயமுறுத்துகிறது. அகல டயரும் பவர் ஸ்டீரிங்கும் போட்டால் சரியாகுமா?

இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 60 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்டீரிங்கில் ஆட்டம், நிறுத்தும்போது திருப்பக் கனம், வளைவில் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றும் என் காரிலும் இருந்தன. அப்பா வாங்கிய வண்டி, 1965 மாடல், இரண்டு கதவு. நீங்கள் இறங்கப் பார்க்கிற செலவில் பாதியை நான் ஏற்கெனவே செய்து தொலைத்தவன்.

ஹெரால்டு சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த வண்டி. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப். ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங் (சின்னப் பல்சக்கரம், ரேக் என்கிற பல் வைத்த தண்டை இடவலமாகத் தள்ளும்), சுமார் 25 அடி அகலத்தில் முழு வட்டம் அடித்துவிடும். எடை 800 கிலோவை ஒட்டித்தான். இப்படிப்பட்ட காரில் ஸ்டீரிங் கனக்கிறது என்றால் வடிவமைப்பில் குறை இல்லை, எங்கேயோ ஏதோ காய்ந்து இறுகிக் கிடக்கிறது. பவர் ஸ்டீரிங் போட்டால் அந்த இறுக்கம் உங்கள் கைக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அது இன்னும் ஆபத்து.

என் வண்டியைப் பார்த்தவர் தாம்பரம் பக்கம் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த ஒரு வயதான மெக்கானிக். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு கிரீஸ் அடிச்சது யாரு?"

"நான்தான் பாய். மாசம் தவறாம அடிக்கிறேன்."

"அதான் தம்பி வினை. இது கேக்குறது தொண்ணூறு ஆயிலு."

அவர் காட்டியது ட்ரன்னியன் என்கிற உருப்படி. முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டின் அடிப்பக்கம் மரை இருக்கும். அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுற்றுகிறது. கிரீஸ் அடித்தால் அது உள்ளேயே கெட்டியாகி வழியை அடைத்துவிடும், அடிமரை வரைக்கும் போய்ச் சேராது. தண்ணீர் மட்டும் எப்படியோ போய்விடும். பாய் என் தண்டைக் கழற்றி வெளியே எடுத்தபோது கீழ் மரையிலிருந்து காப்பித்தூள் மாதிரி துரு கொட்டியது. விரலால் தடவினால் மரையின் விளிம்பே தெரியவில்லை. இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடிந்துவிடும். பழைய ட்ரையம்ப் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு.

செய்ய வேண்டியது சுலபம். ட்ரன்னியனில் சின்ன அடைப்புத் திருகு இருக்கும். அதை எடுத்துவிட்டு நிப்பிள் (கன்னைப் பொருத்தும் முனை) மாட்டி, கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதில் பாய் சொன்ன தொண்ணூறு ஆயிலை, அதாவது இபி 90 கியர் ஆயிலை நிரப்பி, மேலே கசியும்வரை அடியுங்கள். கீழே செய்தித்தாள் போட்டுக்கொள்ளுங்கள், அசிங்கமாகத்தான் இருக்கும். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிறேன், ஐப்பசி மழைக்கு முன்னால் கண்டிப்பாக. தேய்ந்திருந்தால் தண்டு, கட்டை இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இடப்பக்கத்துக்கு இடது மரை, வலப்பக்கத்துக்கு வலது மரை, அதனால் பார்த்து வாங்குங்கள். இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மாட்டும்போது முழுக்கத் திருகிவிட்டு, ஒரு சுற்றுக்கு மிகாமல் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முழுசாகத் திருப்பும்போது முட்டும்.

இதற்குப் பிறகு என் வண்டியில் கனம் போய்விட்டது. ஆட்டம் மிச்சமிருந்தது.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்க, தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்போது நின்றுவிட்டால் வீல் பேரிங், இன்னும் ஆடினால் ட்ரன்னியன் அல்லது தண்டின் மேல்முனையில் இருக்கும் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டையோ (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) ரேக்கையோ சந்தேகப்படலாம். அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, பானட்டைத் திறந்து ரேக்கைப் பாருங்கள். பானட் மொத்தமும் முன்னால் கவிழ்வதால் எல்லாமே கண்முன்னால் இருக்கும், இந்த வசதி வேறு எந்தக் காரில் கிடைக்கும்! ரேக்கின் உடலே இடவலமாக நகர்ந்தால், அதைப் பிடித்திருக்கும் ரப்பர் என்ஜின் ஆயிலில் ஊறிப் போய்விட்டது என்று அர்த்தம். எனக்கு அதுதான். அங்கே மட்டும் ரப்பருக்குப் பதில் அலுமினியக் கட்டை போட்டேன், நல்ல வித்தியாசம். மற்ற மூட்டுகளில் இருக்கும் புஷ்களை ரப்பரிலேயே விடுங்கள். ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் போட்டால் நம் ஊர் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டில் வந்து சொல்லும்.

ஸ்டீரிங் ராடின் கப்ளிங்கைக் கழற்றினால் அதன் குறுக்கே போகும், ஹாரனுக்கான எர்த் ஒயரைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். நான் மறந்துவிட்டு, ஹாரன் ஏன் அடிக்கவில்லை என்று ஒரு ஞாயிறு முழுக்க ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இனி பின்பக்கம். ஹெரால்டில் பின்னால் ஸ்விங் ஆக்சில். அச்சு நடுவில், டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) பக்கத்தில் மட்டும்தான் மடங்கும். அதனால் வண்டியின் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரங்களின் அடிப்பகுதி உள்ளே மடங்கும். வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை அழுத்தினாலோ பின்பக்கம் எழும்பும், சக்கரம் மடங்கும், பிடி போய்விடும்.

என் வண்டி பின்னால் தொங்குகிறது என்று ஒரு பட்டறையில் பின்னால் குறுக்காக இருக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார்கள். பார்க்கக் கம்பீரமாக நின்றது. அதோடு ஏற்காடு போய்விட்டு நானும் மனைவியும் மட்டும் இறங்கி வந்தோம், பின்சீட்டில் ஒரு பை. கொண்டை ஊசி வளைவு ஒன்றின் நடுவில் காலை எடுத்தேன், பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. எதிரே பஸ் வரவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். மறுநாளே அந்தப் பட்டையைக் கழற்றச் சொன்னேன்.

வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு சக்கரமும் கூரையின் இரு சரிவு போல மேலே லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் நல்லது. கிண்ணம் போல மேலே விரிந்திருந்தால் ஸ்பிரிங்கைத் தாழ்த்த வேண்டும். ட்ரையம்பின் ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் வந்த ஸ்விங் ஸ்பிரிங்கை (சக்கரம் மடங்குவதைக் குறைக்கும் மாற்று ஸ்பிரிங்) போட்டு, முன்னால் தடித்த ஆன்டி ரோல் பாரும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாட்டுகிறவர்கள் உண்டு. நல்ல தீர்வுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரில் கால் லேசாக இருக்கட்டும். ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1972-இல் கெசல் என்கிற அடுத்த காரைக் கொண்டுவந்தபோது ஸ்விங் ஆக்சிலை விட்டுவிட்டது.

டயர் 145 அல்லது 155 அகலம், 13 அங்குலம், நாலும் ரேடியலாக. அதற்கு மேல் அகலம் வேண்டாம். காற்று பின்னால் கூட, முன்னால் குறைவு. நான் முன்னால் 21 பிஎஸ்ஐ, பின்னால் 26 வைக்கிறேன். காற்றடிக்கும் பையன் "சார், 30 வைக்கட்டுமா?" என்பான், விடாதீர்கள். வீல் அலைன்மென்ட் கடைசியில்தான். கடைக் கம்ப்யூட்டரில் ஹெரால்டு இருக்காது, கையேட்டில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் ட்ரன்னியனைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.