ஜீப்பிலேயே இறந்தார் அப்பா. பதிவது மலையிலா, சேலத்திலா?

கேள்வி: அப்பா ஏற்காடு மலையில் ஒரு காபி தோட்டத்தில் பல வருஷமாக வேலை பார்த்தார். போன வருஷம் மாசியில் ஒரு நாள் ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்றார். எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலம் கிளம்பினோம். பாதி வளைவுகூட இறங்கவில்லை, மூச்சு நின்றுவிட்டது. அப்படியே வண்டியைத் திருப்பி தொழிலாளர் வரிசை வீடான லயன் வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் அடக்கம் செய்துவிட்டோம். எங்கேயும் பதியவில்லை. இப்போது பேங்கிலும் பி.எஃப்.பிலும் இறப்புச் சான்று கேட்கிறார்கள். மலையில் கேட்டால் "வழியில் போனவருக்கு இங்கே பதிய முடியாது" என்கிறார்கள். சேலத்தில் கேட்டால் "மலைக்குப் போங்கள்" என்கிறார்கள். ஒரு வருஷம் தாண்டியதால் கோர்ட்டுக்குத்தான் போகணும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். "வீட்டிலேயே இறந்ததாக எழுதிக் கொடுத்துவிடு" என்கிறார் இன்னொருவர். ஆதாரில் முருகேசன், பேங்க் புத்தகத்தில் முருகன் என்று இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். முதலில் உங்கள் அலைச்சலைக் குறைக்கும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டுக்குப் போக வேண்டாம். பதிவு மலையில்தான், உங்கள் கிராமத்தில்தான். உத்தரவு தர வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. வீட்டில் இறந்ததாக மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இறப்பைப் பதிவதற்கான சட்டம் 1969ஆம் வருஷத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். ஒருவர் எந்த ஊர்க்காரர், ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அது பார்ப்பதில்லை. உயிர் எங்கே பிரிந்தது என்பது ஒன்றுதான் கணக்கு. ஏற்காடு மலையில் உள்ள நாகலூர்க்காரர் ஒருவர் சேலம் ஜி.எச்.சில் அட்மிட் ஆகி அங்கே இறந்தால், பதிவு சேலத்தில். சேலத்துக்காரர் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தபோது இறந்தால், பதிவு ஏற்காட்டில். தகவல் கொடுக்கும் கடமையும் அந்த லாட்ஜின் பொறுப்பாளருக்கு உண்டு. சொந்த ஊர் எதுவாக இருந்தாலும் அது சான்றில் நிரந்தர முகவரியாக வரும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால்? இதற்கும் விதி இருக்கிறது. தமிழ்நாடு பிறப்பு, இறப்புப் பதிவு விதிகள் 2000-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: ஓடும் வாகனத்தில் இறப்பு நேர்ந்தால், வாகனம் முதலில் நிற்கும் இடத்தில், அதன் பொறுப்பாளர் தகவல் கொடுக்க வேண்டும். கார், ரயில், படகு, மாட்டு வண்டி எல்லாமே இதில் அடக்கம்.

உங்கள் ஜீப் சேலம் எல்லையைத் தொடவே இல்லை. வளைவில் ஓரம் கட்டித் திருப்பியதை நிறுத்தம் என்று சொல்ல முடியாது என்பது என் கருத்து. வண்டி நின்று உடலை இறக்கிய இடம் உங்கள் லயன். ஆகவே அந்த லயன் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறதோ, அந்தக் கிராமத்துக்குப் பதிவாளராக இருக்கும் கிராம நிர்வாக அலுவலரின் (வி.ஏ.ஓ.) பதிவேட்டில்தான் இது ஏற வேண்டும். இதுவே நீங்கள் திருப்பாமல் சேலத்துக்கே போய், மருத்துவர் பார்த்து "வரும்போதே உயிர் இல்லை" என்று எழுதியிருந்தால் கதை வேறு. முதலில் நின்ற இடம் அந்த மருத்துவமனை ஆகிவிடும், பதிவு சேலம் மாநகராட்சிப் பக்கம் போயிருக்கும். மலையில் இருந்து அவசரமாக இறக்கிக் கொண்டுபோகும் குடும்பங்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கீழே போகும் இருபது கொண்டை ஊசி வளைவும் ஆள் பிழைப்பாரா என்பதோடு சேர்த்து, பதிவு எங்கே என்பதையும் தீர்மானித்துவிடுகின்றன.

இந்த விதியால் உங்கள் கையில் ஒரு முக்கியமான சாட்சி இருக்கிறார். அன்று ஜீப் ஓட்டியவர்தான் அவர். எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த வளைவில் மூச்சு நின்றது, எங்கே திரும்பியது, எத்தனை மணிக்கு லயனுக்கு வந்தது என்று அவரிடம் ஒரு வாக்குமூலத்தைத் தேதி, கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அவர் வேலை மாறிப் போவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தெரியாத இன்னொரு பிரிவும் உண்டு. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு. நான்கு ஹெக்டேருக்குக் குறையாத தேயிலை, காபி, மிளகு, ஏலக்காய், ரப்பர், சிங்கோனாத் தோட்டத்துக்குள் நடக்கும் பிறப்பையும் இறப்பையும் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை அந்தத் தோட்டத்தின் கண்காணிப்பாளருடையது. மேனேஜர் என்று அழைத்தாலும் வேறு என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் சரி, வேலையையும் தொழிலாளர்களையும் மேற்பார்வை செய்பவர் அவர்தான். குடும்பம் விவரங்களை அவரிடம் கொடுத்தால் போதும். பதிவாளருக்குச் சேர்ப்பது அவர் பொறுப்பு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்த அளவுக்கு மேல் உள்ள காபி தோட்டங்கள் நிறையவே இருக்கின்றன. லயனில் ஒருவர் இறந்தால், அடக்கத்துக்கு ஆளும் பணமும் தரும் நிர்வாகம் இந்த ஒரு தாளையும் அனுப்பிவிட்டால், ஒரு வருஷம் கழித்து ஒரு பிள்ளை தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்காது. மேனேஜர்களும் எஸ்டேட் ரைட்டர்களும் இதைப் படித்தால், தயவுசெய்து இன்றே ஆபீஸ் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் அப்பா விஷயத்தில் வண்டி தோட்ட எல்லையைத் தாண்டிய பிறகே உயிர் போயிருக்கிறது என்பதால் 9ஆம் பிரிவு நேராகப் பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கேளுங்கள். இன்ன தேதிவரை வேலைக்கு வந்தார், இன்ன இரவு எங்கள் வண்டியில் கொண்டு செல்லப்பட்டார் என்று இருந்தால் போதும். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், அவர் பெயருக்கு எதிரே கடைசியாக விழுந்த ஆஜர் எந்தத் தேதி என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலையும் வாங்குங்கள். உங்கள் மனுவில் இதைவிட வலுவான காகிதம் வேறு இருக்காது.

சரி, காலக் கெடுவுக்கு வருவோம். இறப்பு நடந்து 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 21 தாண்டி 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே பதிவார். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு வருஷமும் தாண்டிவிட்டால், பழைய சட்டத்தில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்பட்டது. உங்களுக்குத் தெரிந்தவர் சொல்லும் கோர்ட் கதை அங்கிருந்து வருவது. தமிழ்நாட்டில் அந்த அதிகாரம் ஆர்.டி.ஓ.விடம் வந்துவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள திருத்தச் சட்டமும் நாடு முழுவதற்கும் இதை நிர்வாக மாஜிஸ்திரேட்டுகளின் (ஆர்.டி.ஓ.வும் அவர்களில் ஒருவர்) கையில் கொடுத்துவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் உங்கள் அப்பாவின் இறப்பு எங்கும் பதிவாகவில்லை என்று சான்று வாங்க வேண்டும். பதிவின்மைச் சான்று என்பார்கள், படிவம் 10. அப்புறம் அந்தச் சான்று, ஓட்டுநர் வாக்குமூலம், தோட்டத்தின் கடிதம், அப்பாவின் ஆதார், ரேஷன் கார்டு, உங்கள் அடையாளச் சான்று, அடக்கத்துக்கு வந்த இரண்டு பேரின் வாக்குமூலம் ஆகியவற்றோடு சேலம் ஆர்.டி.ஓ.வுக்கு மனு. அடக்கத்தைக் கோயிலோ சர்ச்சோ எந்தக் குறிப்பேட்டிலாவது எழுதியிருந்தால் அதன் நகலையும் சேருங்கள். மனு தாசில்தார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), வி.ஏ.ஓ. என்று விசாரணைக்கு இறங்கி, அறிக்கையாக மேலே ஏறி, உத்தரவாகத் திரும்பும். உத்தரவு வந்ததும் வி.ஏ.ஓ. தாமதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவார்.

"வீட்டில் இறந்ததாக எழுதிவிடு" என்ற யோசனையை ஏன் வேண்டாம் என்கிறேன்? தெரிந்தே பொய்த் தகவல் தருவது இதே சட்டத்தில் குற்றம். அபராதத் தொகை சிறியதுதான். ஆனால் நாளைக்கே இன்ஷூரன்ஸ்காரர் விசாரிக்க வந்து, ஊரில் பத்துப் பேர் "ஜீப்பில் போகும்போது போயிட்டாரு" என்று உண்மையைச் சொன்னால், சான்று ஒன்று சொல்லும், சாட்சி வேறொன்று சொல்லும். பணம் அங்கேயே நின்றுவிடும். உண்மையைச் சொன்னாலும் உங்களுக்குப் பதிவு மலையில்தான் என்னும்போது பொய்க்கு அவசியமே இல்லை.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் விடியும்வரை முந்தின நாள் கணக்கு. ராத்திரி ஒன்றரை மணிக்குப் போனவரை வீட்டில் எல்லோரும் "திங்கட்கிழமை ராத்திரி போனார்" என்பார்கள், திதியும் அப்படியே கொடுப்பார்கள். பதிவேட்டில் தேதி நள்ளிரவு 12 மணிக்கு மாறிவிடும், அது செவ்வாய். கல்லறைக் கல்லில் ஒரு தேதி, சான்றில் ஒரு தேதி என்று எத்தனையோ குடும்பங்கள் தவிப்பதற்குக் காரணம் இதுதான். மூச்சு நின்றபோது மணி என்ன என்பதை நீங்களும் ஓட்டுநரும் உட்கார்ந்து பேசி உறுதி செய்துகொண்டு எழுதுங்கள்.

காரணம் என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் படிவத்தில் அந்தக் கட்டம் வரும்போது கை நிற்கும். இறப்பு அறிக்கை என்பது படிவம் 2. அதில் இறப்புக்கு முன் மருத்துவமனையில் சிகிச்சையா, வெளியே மருத்துவர் பார்த்தாரா, யாரும் பார்க்கவில்லையா என்று கேள்வி இருக்கிறது. "யாரும் பார்க்கவில்லை" என்பதும் ஏற்கத்தக்க பதில்தான். நெஞ்சு வலி என்று சொன்னார் என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை, அதை எழுதுங்கள். மாரடைப்பு என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். கடைசி நாட்களில் யாராவது மருத்துவர் பார்த்து மாத்திரை கொடுத்திருந்தால், காரணச் சான்றை இலவசமாகத் தருவது 2023 திருத்தத்தின்படி அவர் கடமை. அது படிவம் 4ஏ. மருத்துவமனை இறப்புக்குப் படிவம் 4.

இந்தப் படிவத்தை நிரப்பும் இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதயமும் மூச்சும் நின்றது" என்பது காரணம் ஆகாது. எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நடக்கிறது. உடனடிக் காரணத்தை முதல் வரியிலும், அதற்கு இட்டுச்சென்றதை அடுத்த வரியிலும், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த மூல நோயைக் கடைசி வரியிலும் எழுதத்தான் அந்த வரிசை. பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுந்தது, காட்டெருமை முட்டியது போன்றவற்றில் இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. காவல் நிலையத்துக்குத் தகவல், விசாரணை, பிரேதப் பரிசோதனை என்றுதான் போக வேண்டும். குடும்பங்களும் இதில் பிடிவாதமாக உடலை வாங்கிப் போய்விடாதீர்கள். காட்டெருமை தாக்கி இறந்தவருக்கு வனத்துறை இழப்பீடு கேட்கும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கைதான் முதல் காகிதம்.

இறப்புச் சான்றில் காரணம் அச்சாகாது. அதை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவே தடுக்கிறது. "காரணம் போட்டு வாங்கி வா" என்று எந்தக் கம்பெனியாவது திருப்பி அனுப்பினால், பதிவாளரால் அது முடியாது என்று சொல்லுங்கள். மருத்துவமனையில் இறந்தவர் என்றால் படிவம் 4-இன் பிரதி நெருங்கிய உறவினருக்குத் தரப்பட வேண்டும். காரணம் வேண்டுபவருக்கு அதைக் காட்டலாம்.

இனி பெயர். பி.எஃப். கணக்கில் எந்தப் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வேலையில் இருக்கும்போதே இறந்திருப்பதால் பி.எஃப். பணம், குடும்ப ஓய்வூதியம், இ.டி.எல்.ஐ. காப்பீடு மூன்றும் உங்கள் அம்மாவுக்கு வர வாய்ப்புண்டு. படிவம் 20, 10-டி, 5-ஐ.எஃப். மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய தொகை அங்கேதான் என்பதால் ஆதாரும் பி.எஃப்.பும் ஒத்துப்போனால் அந்தப் பெயரையே மனுவில் எழுதுங்கள். பேங்குக்கு, முருகேசனும் முருகனும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தரலாம். இனிஷியலை விட்டுவிடாதீர்கள், தாத்தா பெயரை முழுதாக எழுதச் சொல்லுங்கள். பதிவாளர் கையெழுத்திடும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பெயர், தேதி, அம்மாவின் பெயர் மூன்றையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிறகு பிழை தெரிந்தால் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் திருத்தலாம், ஆனால் பழைய பதிவை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் குறிப்பாகத்தான் எழுதுவார்கள். விஷயம் அறிந்த இருவரின் உறுதிமொழியும் கேட்பார்கள். இன்று பத்து நிமிஷம் நின்று படிப்பது எவ்வளவோ மேல்.

பதிவானதும் தகவல் கொடுத்தவருக்கு ஏழு நாட்களுக்குள் சான்று இலவசமாகத் தர வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் தாசில்தாருக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது இந்தச் சான்றைத்தான், ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்.

மறுபடியும் யாராவது "இங்கே இல்லை, அங்கே" என்றால், வாய்ப் பேச்சோடு திரும்பி வராதீர்கள். மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பதிவாளரின் முடிவில் குறை இருந்தால் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.