அணைத் தண்ணீருக்கு மேலே இரண்டு கரையிலும் டிஷ் வைத்து வயர்லெஸ் லிங்க் போட்டிருக்கிறேன்; நடுவில் தடையே இல்லை, ஆனாலும் ஒரு வாரம் ஓடுகிறது, ஒரு வாரம் விழுகிறது. ரேடியோ பழுதா?

ரேடியோவைக் கழற்றாதீர்கள். முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

உங்களுடையது கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையா, வேறு ஏதாவது நீர்த்தேக்கமா என்று சொல்லவில்லை. நடுவில் தடையே இல்லை என்கிறீர்கள், அதனால் எங்கள் கதைதான் உங்களுக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். தர்மபுரி மாவட்டம் ஏரியூர் பக்கம் கேபிள், இன்டர்நெட் தொழில் செய்கிறேன். நாகமரையிலிருந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி பண்ணவாடிப் பக்கம் 4 கி.மீ. லிங்க், 5.8 கிகாஹெர்ட்ஸ். போட்ட புதிதில் அருமையாக ஓடியது. அணையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் சிக்னல் 15 டெசிபல் (சிக்னல் பலத்தின் அளவு) விழுந்தது, அப்புறம் தானாக ஏறியது. விற்ற கம்பெனி ஆள் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: “உங்க ஆளுங்களுக்கு அலைன்மென்ட் வரலை.” அதாவது, டிஷ்களை நேருக்கு நேர் திருப்பத் தெரியவில்லையாம். மழையிலும் வெயிலிலும் கம்பம் ஏறுகிற பையன்களைப் பார்த்து அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேட்டூர் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறதே, அதையும் சிக்னலையும் ஒரே நோட்டில் எழுதி வந்தேன். சுமார் அஞ்சாறு அடி இறங்கினால் நல்ல சிக்னல் மோசமாகிறது, இன்னும் அவ்வளவு இறங்கினால் திரும்ப நன்றாகிறது. காரணம் இதுதான். நேரே வரும் அலையோடு, தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் டிஷ்ஷுக்கு வருகிறது. அலைநீளம் 5 செ.மீ. சொச்சம். இரண்டு பாதைக்கும் உள்ள வித்தியாசம் அதில் பாதி மாறினால் போதும், கைகொடுத்த அலையே எதிரியாகிவிடும். எங்கள் டிஷ் இரண்டு பக்கமும் நீரிலிருந்து 50 அடி உயரத்தில் இருந்தது. அந்த உயரத்துக்கும் தூரத்துக்கும் அந்த அஞ்சாறு அடி கணக்கிலும் சரியாக வருகிறது.

‘வெர்டிகல் போலரைசேஷன் போடு’, அதாவது அலையைப் படுக்கையாக இல்லாமல் நிமிர்ந்து அதிரும்படி அனுப்பு, தெறிப்பு குறையும் என்று யாராவது வருவார்கள். இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெறிக்கும். ஒன்றில் சிக்னல் விழுந்தால் மற்றதில் கிடைக்கும்படி, மேலும் கீழுமாக இரண்டு டிஷ் வைப்பது நல்ல வழி, மறுக்கவில்லை. அந்தச் செலவை எங்களைப் போன்றவர்கள் தாங்க முடியாது. லைசென்ஸ் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 5.725 முதல் 5.875 கிகாஹெர்ட்ஸ் வரை, சக்தி வரம்புக்குள் இருந்தால், மத்திய அரசின் 2018 உத்தரவுப்படி உரிமம் தேவையில்லை.

நாங்கள் பண்ணவாடிப் பக்கம் டிஷ்ஷை உயர்த்தினோம். நாகமரைப் பக்கம் கம்பத்தைக் கரையிலிருந்து சில நூறு அடி உள்ளே தள்ளி, கரைமேட்டுக்குப் பின்னால் தாழ்வாக நட்டோம். தெறித்து வரும் அலையை மேடு மறைக்கிறது, நேர் அலை மேலே தாண்டிப் போகிறது. ஆனால் நேர் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட வேண்டும். 4 கி.மீ.க்கு நடுவில் நாலரை மீட்டராவது வேண்டும், கம்பத்தை நெருங்க நெருங்கக் குறையும்.

பண்ணவாடிக் கரைக்குச் சாமான் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. சாலை என்றால் மேட்டூரைச் சுற்ற வேண்டும். படகு என்றால், தண்ணீர் இறங்கியதும் துறையும் தள்ளிப்போகும், சேற்றில் தோளில் சுமந்து நடக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில்தான் நடக்கிறார்கள். எத்தனை காலமாகப் பாலம் கேட்கிறோம்!

இப்போது நீர்மட்டம் எப்படி மாறினாலும் சிக்னல் 3 டெசிபலுக்கு மேல் ஆடுவதில்லை. உங்கள் அணை நிரம்பியிருக்கும்போது ஒரு தடவை, வற்றியிருக்கும்போது ஒரு தடவை அளந்துவிட்டு, அப்புறம் கம்பத்துக்குக் கான்கிரீட் போடுங்கள்.