ரதி யாருக்காக அழ வேண்டும்?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 27 வயது. ஊர் மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், வேலை கொழும்பில். மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்கு எங்கள் தோட்டத்தில் என் அப்பாதான் மாஸ்டர். இப்போது அவருக்கு முடியவில்லை, குரலும் போய்விட்டது. ஆடுவதற்குப் பையன்களும் இல்லை, எல்லோரும் என்னைப்போல வெளியில்தான். அதனால் ஒரு ஆப்பில் கதையைச் சொல்லி, ரதி புலம்பல் முதல் எல்லாப் பாட்டையும் செயற்கை நுண்ணறிவில் செய்தேன். பெரிய ஸ்பீக்கரில் போடலாம், திரையில் படமும் காட்டலாம். கோயில் கமிட்டிக்குப் பிடித்திருந்தது. வேலை செய்யும் இடத்தில் போட்டுக் காட்டியபோது ஒரு அக்கா கண்கலங்கிவிட்டார். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “என்னோட முடியட்டும்” என்று எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து போனிலும் சரியாகப் பேசுவதில்லை. மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் பழைய ஆள். பாட்டைக்கூட ஒரே மாதிரிப் பாடமாட்டார். மாசி வந்தால் லயம் லயமாக, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கெல்லாம் போய், அந்த வருஷம் யார் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்டுவந்து ரதி பாட்டை மாற்றுவார். பழகுகிற பையன்களுக்கு அது பெரிய தொல்லை. ஆப்பில் அந்தத் தொல்லை இல்லை. சனங்களுக்குத் தேவை ஒரு நல்ல கூத்து, அதை யார் செய்தால் என்ன? அப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?
— பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: தம்பி, அப்பாவுக்குப் புரிய வைக்க ஒன்றும் இல்லை. எல்லாம் புரிந்ததால்தான் எழுந்து போயிருக்கிறார்.

“வயதானவர்கள் அப்படித்தான், காலம் போனால் சரியாகும்” என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். பெற்றவர்கள் காலமெல்லாம் செய்த வேலையை இலேசாக்குகிறேன் என்று வந்து, அந்த வேலையையே இல்லாமல் ஆக்கிவிட்டு, “ஏன் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார்கள்?” என்று கேட்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. உங்களுடையதும் அதில் ஒன்று. ஆனால் நீங்கள் போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

மாசி வந்தால் அப்பா லயம் லயமாகப் போய், யார் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்பார். அதை நீங்கள் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி மனம் வந்தது?

அவர் போகிற வீட்டில் என்ன நடக்கும் என்று ஒருநாளாவது யோசித்துப் பார்த்தீர்களா? பின்னேரம், மலையில் பனி இறங்கும் நேரம். லயத்தின் கடைசிக் காம்பிராவின், அந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில் உங்கள் அப்பா நிற்கிறார். உள்ளே இருக்கிறவள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள், இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. புருஷன் போய் ஆறு மாதம். செத்த வீட்டுக்கு வந்த சனம் எட்டாம் நாள் சடங்கோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவளிடம் வாய்திறந்து கேட்க ஆளில்லை. இந்த மனிதர் வந்து, “அவன் உன்னை எப்படிம்மா கூப்பிடுவான்?” என்று கேட்கிறார். அவள் சொல்லலாம். சொல்ல முடியாமல் உள்ளே போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வரலாம். “வேண்டாம் மாமா, பாட்டில் சேர்க்காதீங்க” என்றும் சொல்லலாம். என்ன சொன்னாலும் அதை வாங்கிக்கொண்டு அவர் அடுத்த காம்பிராவுக்குப் போகிறார்.

கூத்து அங்கே தொடங்கிவிடுகிறது தம்பி. நீங்கள் அது மேடையில் தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கதை உங்களுக்குத் தெரியும், தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். அவன் மனைவி ரதி போகாதே என்று தடுக்கிறாள். அவன் போய் மலர் அம்பு விடுகிறான், நெற்றிக்கண்ணில் சாம்பலாகிறான். நம் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டுவார்கள். பௌர்ணமியில் காமன் எரிவான், மூன்றாம் நாள் எழுவான். இடையில் ரதியின் புலம்பல் இருக்கிறது. அதற்காகத்தான் தப்புப் பறையின் சத்தம் கேட்டதும் பக்கத்து டிவிஷனிலிருந்தெல்லாம் சனம் இறங்கி வருகிறது. மேலுலகத்தார் காரியத்துக்காக அனுப்பப்பட்டுத் திரும்பி வராத ஒருவன், அவனுக்காக அழுகிற ஒருத்தி. இந்தக் கதை ஏன் மலையகத்தில் இப்படி வேரூன்றியது என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்கள் எழுதிக் கையெழுத்திட்டன. அதற்குப் பின் வந்த வருஷங்களில் நான் கேட்ட ரதி பாட்டில், செத்தவர்களோடு கப்பல் ஏறிப் போனவர்களும் இருந்தார்கள். யாரும் மாஸ்டருக்கு அப்படிப் பாடச் சொல்லவில்லை. பாதிக் காம்பிராக்கள் பூட்டிக் கிடக்கும் லயத்தைப் பார்த்தவர், பார்த்ததைப் பாடினார்.

உங்கள் ஆப் என்ன செய்கிறது? உலகத்தில் பதிவாகியிருக்கும் எத்தனையோ பாட்டுகளைக் கொடுத்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பாட்டில் எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும், எந்த ஒலிக்குப் பின்னால் எந்த ஒலி வரும் என்று கணித்துக் கோத்துக் கொடுக்கிறது. நன்றாகவே கோக்கும், நான் மறுக்கவில்லை. அக்கா கண்கலங்கியதையும் மறுக்கவில்லை. புலம்பல் ராகத்தில் எதைப் பாடினாலும் மனிதர்களுக்குக் கண் கலங்கும், நம் உடம்பு அப்படி. ஆனால் அந்தப் பாட்டு அந்த அக்காவுக்காகவும் செய்யப்படவில்லை, உங்கள் தோட்டத்துக்காகவும் செய்யப்படவில்லை. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டும் என்று அதற்கு இல்லை. கடைசிக் காம்பிராப் பெண் கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டால், அழகான பாட்டு என்று நினைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். உங்கள் அப்பா பாடினால், தன் புருஷன் தன்னைக் கூப்பிட்ட பெயரை ரதியின் வாயிலிருந்து கேட்பாள். முழுத் தோட்டமும் கேட்கும். அடுத்த நாள் மலையில் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கிறவள் அவளிடம் ஒரு வார்த்தை பேசுவாள்.

உங்கள் அடுத்த வாதம் எனக்குத் தெரியும். நாட்டார் பாட்டை எழுதியவர் யார் என்றும் தெரியாதே, அதை ரசிக்கிறோமே என்பீர்கள். சரி, அதையே எடுப்போம். அண்ணனைப் பறிகொடுத்த மலையைக் கைகாட்டிப் பாடும் அந்தப் பழைய பாட்டு உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதில் கோப்பிக் கன்று வருகிறது. கோப்பியில் இலைநோய் கண்டது 1869இல். 1880களில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை எல்லா மலையையும் பிடித்துக்கொண்டது. ஆகவே அந்தப் பாட்டின் அடி கோப்பிக் காலத்தில் இருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களின் காலம் அது. பாடியவள் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவன் செத்தது எந்த மலை என்று அவளுக்குத் தெரியும், அதைப் பக்கத்தில் நின்றவளுக்குக் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்தாள். பெயர் அழிந்தும் அந்த நினைப்பு அழியாமல் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் ஆப்பிடமும் மலை, அண்ணன் எல்லாம் வைத்து ஒரு பாட்டுக் கேட்கலாம், அரை நிமிஷத்தில் தரும். அதற்கு அண்ணன் கிடையாது.

சொந்தமாக மெட்டுப் போட்டால்தான் கலை என்றும் நான் சொல்லவில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் அந்தக் காலத்துச் சினிமா மெட்டுகளை எடுத்துத்தான் தொழிலாளர் பாட்டுகளைக் கட்டினார். மெட்டு இரவல். ஆனால் கூட்டத்தின் முன்னால் எழுந்து நின்று, எதிரே இருக்கிற கொழுந்து பறிக்கும் பெண்களைப் பார்த்து, இதை இவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பாடியவர் அவர். தோட்டத்துக்குள் வெளியாள் காலடி வைக்கவே துரை விடாத காலம் அது.

“வெறும் பொழுதுபோக்குத்தானே” என்றும் சொல்லாதீர்கள். கூத்தில் கோமாளி வந்து, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையைக் கிண்டல் செய்யும்போது சனம் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறது? விடிந்தால் பெரட்டில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், அதே கணக்கப்பிள்ளைக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவன் அந்தக் கோமாளி. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்கிறானே, அந்தத் துணிச்சலுக்குத்தான் சிரிப்பு. அதே பகிடியை ஸ்பீக்கர் சொன்னால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? காமனும் ரதியும் அப்படித்தான். பிள்ளைக்கு நோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வேஷம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காப்புக் கட்டினால் விரதம், பாய் தலையணை வேறு, சாப்பாடு வேறு. பார்க்கிறவர்களுக்கு அவன் குரல் பிசிறுவதும் தெரியும், அவன் எதற்காக நிற்கிறான் என்பதும் தெரியும். குரல் பிசிறாத ஸ்பீக்கர் யாருடைய பிள்ளைக்காக நேர்ந்துகொள்ளும்?

போனையும் கம்பியூட்டரையும் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் குரல் போய்விட்டது என்கிறீர்கள். அப்படியென்றால் போகுமுன் ஏன் பதிந்து வைக்கவில்லை? ஆப்பில் உட்கார்ந்து இத்தனை பாட்டுச் செய்ய நேரம் கிடைத்தவருக்கு, பெற்றவரின் முன்னால் போனை வைத்து “பாடுங்கப்பா” என்று சொல்ல நேரம் கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பணம் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, அது உங்கள் கடமை. அதற்காக நான் பாராட்ட மாட்டேன். தகப்பனுக்குப் பிள்ளை செய்ய வேண்டியதில் பணம் ஒரு பங்கு. அவர் தலையில் சுமந்துகொண்டிருப்பதை இறக்கி வாங்கிக்கொள்வது இன்னொரு பங்கு. அதை நீங்கள் ஆப்பின் தலையில் ஏற்றிவிட்டீர்கள்.

உங்கள் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை, இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். ஐயா, “என்னோட முடியட்டும்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் கூத்து உங்கள் ஒருவருடையது அல்ல, உங்களுக்கு முன்னால் இருந்த மாஸ்டர் ஒருவர் கையில் கொடுத்தது. அவர் முடித்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்காது. பையன்கள் இல்லை என்றால் பெண் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ரதியை இத்தனை காலம் ஆண்களே ஆடினார்கள் என்பது பெண்கள் ஆடக்கூடாது என்பதற்குக் காரணமாகாது. பிள்ளை தெரியாமல் செய்ததற்கு மனம் நொந்துவிட்டீர்கள், அது நியாயம். பேசாமல் இருப்பது நியாயம் இல்லை.

இனி உங்களுக்கு, தம்பி. கமிட்டித் தலைவருக்கு இன்றே போன் பண்ணி, ஸ்பீக்கர் கூத்து வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். அப்பாவைச் சொல்ல வைக்காதீர்கள். இந்த மாசிக்கு முழுக் கூத்து ஆட ஆள் சேராவிட்டால் ரதி புலம்பல் மட்டும் நடக்கட்டும், தப்பு அடிக்க ஒருவர், பாட ஒருவர் போதும். வேலையில் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். கம்பம் ஊன்றுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால் ஊருக்குப் போய், பின்னேரங்களில் அப்பாவோடு லயங்களுக்கு நடங்கள். அவரால் மேல் லயத்துக்கு ஏற முடியாவிட்டால் நீங்கள் ஏறுங்கள். ஒரு கொப்பி கொண்டு போங்கள், ஆனால் வாசலில் நின்று கொப்பியை விரிக்காதீர்கள், அது கணக்கெடுப்பு மாதிரி இருக்கும். உட்காருங்கள், தேநீர் கொடுத்தால் குடியுங்கள், கேளுங்கள். சேர்க்க வேண்டாம் என்று சொன்னவர்களின் பெயரைச் சேர்க்காதீர்கள். வீட்டுக்கு வந்து அப்பா சொல்லச் சொல்ல எழுதுங்கள். அப்போது எந்தப் பெயர் பாட்டில் எங்கே உட்காரும், எது உட்காராது, ஏன் என்று அவர் சொல்வார். அந்தப் பாடத்தை அவர் உங்களுக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுக்க முடியும். பாட உங்களுக்குக் குரல் இல்லை என்று சாக்குச் சொல்ல வேண்டாம், இந்த வருஷம் நீங்களே பாடுங்கள்.