எல்சி திறந்து ரெண்டு மாசம், ஏஜென்ட் "அடுத்த கப்பல்" எண்டே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜப்பான்ல இருந்து கார் வர உண்மையில எவ்வளவு நாள் எடுக்கும்?

உங்கட கேள்வியில இருக்கிற விசயம் இதுதான்: ஜப்பான்ல இருந்து சுசுகி வாகன் ஆர் கார் ஒண்டு எடுக்க உங்கட பேரிலயே எல்சி (விக்கிறவருக்குக் காசு குடுப்பம் எண்டு பாங்க் குடுக்கிற உறுதிக் கடிதம்) திறந்திருக்கிறீங்கள், ஏஜென்டுக்கு அட்வான்சும் குடுத்தாச்சு, ரெண்டு மாசமாச்சு, கேட்டால் அடுத்த கப்பல்ல ஏறும் எண்டு மட்டும் சொல்லினம், பயமா இருக்கு.

ரெண்டு மாசம் எண்டது வழமைக்கு மிஞ்சின காலம் இல்லை. முதல்ல அதைச் சொல்லிப்போடுறன், இண்டைக்கு ராத்திரி நிம்மதியாப் படுங்கோ. ஆனா நாளைக்குக் காலமை ஒரு வேலை செய்ய வேணும். ஏஜென்டுக்கு கோல் எடுக்க முதல் பாங்குக்குப் போய் உங்கட எல்சி கொப்பியை வாங்குங்கோ.

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டுக்கு 2025ல இப்பிடித்தான் ஒரு கார் வந்தது, அதே வாகன் ஆர். அதால இந்தப் பயம் எனக்கு நல்லா விளங்குது. 2020 மார்ச்சில டொலர் கையிருப்பைக் காட்டி வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை, பிறகு 2022ல நாடே எரிபொருள் வரிசையில நிண்டது, தனியார் பாவிக்கிற கார்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில தான். அந்த அஞ்சு வருசமும் இஞ்ச பழைய காருகளுக்கு இருந்த விலையைப் பாத்திருப்பீங்கள், வாங்கி நாலஞ்சு வருசம் ஓடின காரை வாங்கின விலையிலும் கூடக் குடுத்து வித்தவை எங்கட ஒழுங்கையிலயே இருக்கினம். அப்பாவுக்கு முழங்கால் மடக்க ஏலாது, கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் ஓட்டோ தான், ஏறி இறங்குறதுக்குள்ளயே மனுசன் களைச்சுப்போவார். மழை நாளில ரெண்டு பக்கமும் படங்கை இறக்கி விட்டாலும் நனைஞ்சுதான் போறது. அதால எங்களுக்கு அந்தக் கார் ஒரு ஆடம்பரமா இருக்கேல்லை. உங்களுக்கும் அப்பிடித்தான் இருக்கும், இல்லாட்டி இந்த விலைக்கும் வரிக்கும் ஆரும் துணியமாட்டினம்.

இனி விசயத்துக்கு வாறன். எல்லாரும் கப்பலை நினைச்சுத்தான் பயப்பிடுறவை. கடல், புயல், கார் அடிபட்டுப் போடுமோ எண்டு. உண்மையா இந்த முழுப் பயணத்திலயும் ஆகக் குறைஞ்ச தலையிடி கப்பல்தான். கார் ரொரோ கப்பல்ல தான் வரும், அதாவது கொண்டெய்னருக்குள்ள போடாமல் சாரதி காரை நேரா ஓட்டிக்கொண்டு போய்க் கப்பலுக்குள்ள தட்டுத் தட்டா நிப்பாட்டி சக்கரத்தைக் கட்டி விடுவார், அந்தப் பெரிய கப்பல் ஒண்டில ஆயிரக்கணக்கில காருகள் வரும். யோகோஹாமா, நகோயா, கோபே மாதிரித் துறைமுகங்கள்ல ஏத்தி, மலாக்கா நீரிணையால வந்து அம்பாந்தோட்டையில இறக்குவினம், நடுவில எத்தினை துறைமுகத்தில நிக்குது எண்டதைப் பொறுத்து ரெண்டு மூண்டு கிழமை, சிலவேளை அதுக்கும் மேல. அது கணக்குப் பாக்கக்கூடிய காலம். கணக்குப் பாக்க ஏலாதது கப்பல்ல ஏறுறதுக்கு முந்தின காலம், அங்கதான் நீங்கள் இப்ப நிக்கிறீங்கள்.

ஏன் அது இழுபடுது எண்டால், கார் ஒக்ஷன்ல, அதாவது அங்கத்தைய கார் ஏலத்தில, எடுபட்டவுடன துறைமுகத்துக்குப் போயிடாது. அங்க பதிஞ்ச கார் எண்டால் பதிவை ரத்துச் செய்து எக்ஸ்போர்ட் சேர்ட்டிபிக்கட் எடுக்க வேணும், கப்பல் ஏத்த முதல் இன்ஸ்பெக்ஷன் முடிய வேணும், பிறகு கப்பல்ல இடம் பிடிக்க வேணும். இந்த இடம் பிடிக்கிறதுதான் பெரிய பாடு, அஞ்சு வருசப் பசியோட எல்லாரும் ஒரே நேரத்தில ஓடர் போட்டால் கப்பல்ல இடம் எங்கால கிடைக்கும், இந்தக் கப்பலுக்கு எண்டு கொண்டுபோய் துறைமுக யாட்டில விட்ட கார் இடமில்லாமல் அடுத்ததுக்குத் தள்ளுப்படுறது சாதாரணமா நடக்கிறது. அதோட ஜப்பான்காரரின்ர லீவுகளையும் கவனிக்க வேணும். ஏப்ரல் கடைசியில இருந்து மே முதல் கிழமை வரைக்கும் ஒரு நீண்ட லீவு, ஓகஸ்ட் நடுவில ஓபோன் எண்டு முன்னோரை நினைக்கிற லீவு, பிறகு வருசப் பிறப்பு. அந்த நாள்களில ஒக்ஷனும் பூட்டு, கந்தோர்களும் பூட்டு. உங்கட ரெண்டு மாசத்துக்குள்ள இதில ஒண்டு விழுந்திருந்தால் ஏஜென்ட் சொல்லுறது பொய்யா இருக்கத் தேவையில்லை.

ஆனா நம்பிக்கொண்டு சும்மா இருக்கவும் ஏலாது, அதுக்குத்தான் எல்சி கொப்பி. அதில 44சி எண்டு ஒரு வரி இருக்கும், கப்பல் ஏத்த வேண்டிய கடைசித் திகதி அது. 31டி எண்ட வரியில எல்சி முடியிற திகதியும் இடமும் இருக்கும். இந்த ரெண்டு திகதியையும் ஒரு பேப்பரில எழுதி வையுங்கோ. எல்சியில பாங்க் காசு குடுக்கிறது பேப்பருக்குத்தான், கார் ஏறினதுக்குக் கப்பல் கம்பனி குடுக்கிற பத்திரமான பில் ஒஃப் லேடிங்கும் மற்ற டொக்குமென்டுகளும் திகதிக்குள்ள சரியா வந்தால்தான் ஜப்பான்ல விக்கிறவருக்குக் காசு போகும். அதால அந்தக் காரை ஏத்த வேணும் எண்ட அவசரம் உங்களைவிட அவருக்குக் கூட. உங்கட பெருங்காசு பாங்கின்ர கையில பத்திரமா இருக்கு, இதை உங்கட வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கோ, வீட்டில அரைவாசிச் சண்டை குறையும். பாதுகாப்பு இல்லாதது நீங்கள் ஏஜென்டிட்டக் கையில குடுத்த அட்வான்ஸ் தான். அதுக்கு ரசீது இருக்கோ, அதில உங்கட காரின்ர சேசி நம்பர் (ஒவ்வொரு காருக்கும் தனியா இருக்கிற அடையாள இலக்கம்) எழுதியிருக்கோ எண்டு இண்டைக்கே பாருங்கோ.

44சி திகதி கிட்ட வந்திட்டுது எண்டால் ஏஜென்ட் எல்சியைத் திருத்தி நீட்டச் சொல்லிக் கேப்பார். உடன ஓமெண்டு சொல்லாதேங்கோ. நீட்டுறதுக்கு பாங்க் சார்ஜ் ஆர் கட்டுறது எண்டு முதலே கதைச்சு எழுத்தில வாங்குங்கோ. அடுத்தது காரின்ர வயசு. பாவிச்ச கார் எண்டால் இஞ்ச மூண்டு வருசத்துக்கு மேற்பட்டது எடுக்க ஏலாது, அந்தக் கணக்கு கப்பல் ஏத்துற திகதியோட முடியுது. உங்கட கார் ரெண்டரை வருசத்தைத் தாண்டினது எண்டால் ஒவ்வொரு "அடுத்த கப்பலும்" உண்மையான ஆபத்து, அந்த இடத்தில மட்டும் நீங்கள் சத்தம் போட்டுக் கேக்க வேணும், மரியாதை பாத்துக்கொண்டு இருக்கப்படாது.

ஏஜென்டிட்ட என்ன கேக்கிறது? "எப்ப வரும் அண்ணா" எண்டு கேட்டால் "வரும் தம்பி" எண்டுதான் பதில் வரும். ஒக்ஷன் ஷீட்டையும் எக்ஸ்போர்ட் சேர்ட்டிபிக்கட்டையும் வட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லுங்கோ. ஒக்ஷன் ஷீட் எண்டது ஏலத்தில காரைப் பாத்து எழுதின அறிக்கை, ஒரு பக்கம் தான், பெரும்பாலும் வலப்பக்கம் கீழ காரை விரிச்சு வைச்ச மாதிரி ஒரு படம் இருக்கும், அதில ஏ1 எண்டால் சின்னக் கீறல், யூ1 எண்டால் சின்ன நசுங்கல், டபிள்யூ எண்டால் திருத்திப் பெயின்ட் அடிச்ச இடம், ரெண்டு எக்ஸ் போட்டிருந்தால் அந்தப் பாகத்தையே மாத்தியிருக்கு. மேல மூலையில கிரேட், அதாவது காரின்ர தரப் புள்ளி. அதில இருக்கிற சேசி நம்பரும் எக்ஸ்போர்ட் சேர்ட்டிபிக்கட்டில இருக்கிறதும் எழுத்துக்கு எழுத்து ஒண்டா இருக்க வேணும், இப்பத்தைய ஹைபிரிட் வாகன் ஆர் எண்டால் எம்எச்95எஸ் எண்டு தொடங்கும். எங்கட கார் கப்பல் மாறினபோது நான் இந்த ரெண்டு பேப்பரையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு விரலால தொட்டுத் தொட்டுத்தான் சரிபாத்தனான், அப்பா பக்கத்தில இருந்து நம்பரைச் சத்தமா வாசிச்சவர். அதுக்குப் பிறகு எனக்கு ஏஜென்டோட கோபமே வரேல்லை. கார் ஒண்டு உண்மையா இருக்கு, எங்கட கார் தான் எண்டு தெரிஞ்சால் காத்திருக்கிறது வேற மாதிரி இருக்கும்.

ஏறின பிறகு கப்பலின்ர பேரும் பி.எல் நம்பரும் (பில் ஒஃப் லேடிங் நம்பர்) வாங்குங்கோ. கப்பல் எங்க நிக்குது எண்டு காட்டுற இலவச ஆப்புகள் இருக்கு, பேரைப் போட்டால் வரைபடத்தில சின்ன அம்புக்குறி ஒண்டு காட்டும். எங்கட வீட்டில பின்னேரத் தேத்தண்ணியோட அதைப் பாக்கிறது ஒரு சந்தோசமா இருந்தது, நடுக்கடல்ல சிலநேரம் அம்புக்குறி அசையாது, சிக்னல் கிடைக்காததால, அதுக்குப் பயப்பிடாதேங்கோ.

அந்த மூண்டு கிழமையில நீங்கள் செய்ய வேண்டியது வரிக்காசை ஆயத்தப்படுத்துறது. இதைத்தான் கனபேர் கடைசியில ஓடி ஓடிச் செய்யினம். சுங்க வரி, அதுக்கு மேல ஒரு மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 வீதம் வற் எண்டு ஒண்டுக்கு மேல ஒண்டாப் போகும், உங்கட 660 சிசி காருக்கு உற்பத்தி வரி குறைஞ்ச படியில இருந்தாலும் எல்லாம் சேர்ந்து காரின்ர விலையோட போட்டி போடும். கணக்கு போடுறது கார் வந்து கஸ்டம்ஸ்ல பத்திரம் தாக்கல் செய்யிற நேரத்து நாணய மாற்று வீதத்தில, எல்சி திறந்த நாளின்ர வீதத்தில இல்லை. அதால ஏஜென்ட் அண்டைக்குச் சொன்ன தொகைக்கு மேல கொஞ்சம் கையில வைச்சிருங்கோ. லீசிங் போடுற யோசினை எண்டால் இப்பவே கதையுங்கோ, எத்தினை வீதம் தரலாம் எண்டதை மத்திய வங்கி இடையில மாத்துறது, போன மாசம் சொன்ன கணக்கு இந்த மாசம் இருக்காது. கஸ்டம்ஸ்ல காசு கட்டப் பிந்தினால் துறைமுகத்தில நாள் வாடகை ஏறும், அது வீண் காசு.

ரின் நம்பர், அதாவது வரி கட்டுறவருக்கான அடையாள இலக்கம், இல்லாட்டி இப்பவே எடுத்து வையுங்கோ, பதிவுக்குக் கட்டாயம் கேப்பினம். பதிவு முடிஞ்சாலும் நம்பர் தகடு கைக்கு வர இன்னொரு காத்திருப்பு வரலாம், 2025ல தகட்டுக்குத் தட்டுப்பாடு வந்து கனபேர் தகடு இல்லாமல் நிண்டவை. அம்பாந்தோட்டை நாட்டின்ர தென்கோடி, எங்கட ஊர் வடகோடி. பதியாத காரை ஆரையும் ஓட்டிக்கொண்டு வரச் சொல்லாதேங்கோ, கார் கரியர்ல ஏத்துங்கோ. அந்தச் செலவையும் கணக்கில போடுங்கோ.

கார் வந்து சாவியைப் போட்டவுடன உள்ளுக்க இருந்து ஒரு பொம்பிளைக் குரல் ஜப்பான் மொழியில கதைக்கும், அங்கத்தைய நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடேல்லை எண்டு சொல்லுறது அது, பழுது இல்லை. ரேடியோவும் 95க்கு மேல பிடிக்காது, அங்கத்தைய எஃப்எம் அவ்வளவுதான், எங்கட அலைவரிசைகளையும் பிடிக்க வைக்கிற எக்ஸ்பாண்டர் எண்ட சின்னக் கருவி ஒண்டு போட்டால் சரி.

பாங்கில கொப்பி எடுத்த பிறகு 44சி திகதி என்னெண்டும் கார் எந்த மாசம் செய்தது எண்டும் கீழ எழுதுங்கோ. ரெண்டையும் பாத்தால் நீங்கள் பொறுத்திருக்கலாமோ இல்லை அவரை நெருக்க வேணுமோ எண்டு சொல்லலாம்.