அடிமானம் சரி, அடைப்புக்குறி எங்கே?

குலசேகரத்தில் இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: “மகள் பதினொன்றாம் வகுப்பு. 8^(ம+1) = 4^(2ம−1) என்ற கணக்குக்கு ம = 2 என்று எழுதினாள், மார்க் போய்விட்டது. இரண்டு பக்கத்தையும் 2-ஆக மாற்றித்தானே செய்திருக்கிறாள்?” (^ குறிக்கு முன்னால் இருப்பது அடிமானம், அப்புறம் இருப்பது அடுக்கு.)

நீங்கள் அனுப்பிய நோட்டுப் படத்தைப் பார்த்தேன். 8-ஐ 2^3 என்றும் 4-ஐ 2^2 என்றும் அழகாக மாற்றிவிட்டு, அடுத்த வரியில் 3ம+1 = 4ம−1 என்று எழுதியிருக்கிறாள். அங்கேதான் போயிற்று. 3-ஆல் பெருக்க வேண்டியது (ம+1) முழுவதையும், அவள் ம-ஐ மட்டும் பெருக்கிவிட்டு 1-ஐ அப்படியே விட்டுவிட்டாள். வலது பக்கமும் அதே கதை.

ஏன் முழுவதையும் பெருக்க வேண்டும்? ஒரு துவர்த்தை (துண்டை) எடுத்து அவளையே மடிக்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்புக்கு 2 படை, இரண்டு மடிப்புக்கு 4, மூன்றுக்கு 8. அதாவது 8 என்றால் மூன்று மடிப்பு. 8-ஐ (ம+1) தடவை பெருக்கினால் ஒவ்வொரு தடவைக்கும் மூன்று மடிப்பு, கடைசியில் நிற்கிற அந்த +1-க்கும் மூன்று. ஆக இடது பக்கம் 3ம+3, வலது பக்கம் 4ம−2. அடிமானம் இரண்டிலும் 2 என்பதால் மடிப்புகளும் சமமாக இருந்தே தீர வேண்டும், ம = 5. போட்டுப் பாருங்கள்: 8^6, 4^9 இரண்டுமே 262144. அவளுடைய 2-ஐப் போட்டால் ஒரு பக்கம் 512, மறுபக்கம் 64.

அடிமானத்தை மாற்றாமலே ம+1 = 2ம−1 என்று போட்டாலும் இதே 2 வரும். அதனால்தான் விடையை மட்டும் பார்த்தால் தப்பு எங்கே என்று பிடிபடாது, வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

2-இன் அடுக்குகள் 1024 வரை, 3-இன் அடுக்குகள் 729 வரை, 5-இன் அடுக்குகள் 625 வரை மனப்பாடம் இருந்தால் பொது அடிமானம் பார்த்ததும் தெரியும். 1/27 என்பது 3^(−3) என்பதையும் சேர்த்துக்கொள்ளட்டும். 2^ம = 7 மாதிரி வந்தால் இந்த வழி உதவாது, மடக்கைதான் (logarithm) போட வேண்டும்.

இன்று ராத்திரி 9^(ம+1) = 27^(ம+2) கொடுங்கள். −4 வந்தால் சரி. −1 வந்தால் மறுபடியும் அடைப்புக்குறியை விட்டிருக்கிறாள். விடையே இல்லை என்று சொன்னால் அடிமானத்தை மாற்றவே இல்லை.