துளிக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு நீர்ச்சுழற்சியைத் தன்கதையாக எழுதிக் கொடுத்தேன். 'நான்தான் நீர்த்துளி' என்று தொடங்கி, ஆவியாவது முதல் மழையாவது வரை துளியே சொல்லும். ஒரு மாணவி, "டீச்சர், துளிக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அறிவியலைக் கதையாக்குவதே தவறா? விலங்குகளும் பொருள்களும் பேசுவதை விட்டுவிட வேண்டுமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். தவறே இல்லை. அந்த மாணவி கேட்டதுதான் உங்கள் கதையில் விடுபட்ட பகுதி. உங்கள் துளிக்குப் பிறக்கும்போதே எல்லாம் தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, எதையும் அது சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு விஷயம் நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதில்தான் கதைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது: தப்பான ஊகம், வாக்குவாதம், காத்திருப்பு.

ஐஸ் போட்ட சிராப் குவளையை மேசையில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளிப்பக்கம் நனைந்துவிடும். குவளை ஒழுகுகிறது என்பான் ஒரு பையன். அப்படியானால் வழியும் தண்ணீர் ஏன் சிவப்பாக இல்லை? காற்றில் இருந்த நீராவி குளிர்ந்துதான் துளியானது என்பதற்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

இன்னும் பெரிய கதை உங்கள் பள்ளித் திடலிலேயே இருக்கிறது. பினாங்கு ஏறக்குறைய 5.4 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10ஐ ஒட்டியும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். 'உச்சி வெயில் 12 மணிக்கு' என்று நம்பும் ஒரு சிறுமி ஒரு மீட்டர் கம்பை நட்டுவைத்துப் பார்க்கிறாள். 12 மணிக்கு ஓர் அடிக்கு மேல் நிழல் விழுந்திருக்கிறது. அது குறுகிக் குறுகிக் கம்பின் காலடியில் காணாமல் போவது பிற்பகல் 1.20 வாக்கில், பிள்ளைகள் பள்ளி விட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்.

இங்கே ஒரு தாத்தாவைக் கொண்டுவாருங்கள். 1981 ஏப்ரலில் அவர் மாணவராக இருந்தபோது இதே சோதனையைச் செய்து, நிழல் மறைந்தது 12.50க்கு என்று நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். "தப்பா எழுதிட்டீங்க தாத்தா" என்கிறாள் பேத்தி. "இல்லம்மா, என் கண்ணால பார்த்தேன்" என்கிறார் அவர். இருவர் சொல்வதும் உண்மை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. இப்போது நம் கடிகாரம் 120 பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. பினாங்கு இருப்பதோ 100 பாகைக்குச் சற்றுக் கிழக்கே. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள், மீதியைப் பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இந்த விடையை ஓர் 'அறிவியல் மாமா' வந்து விளக்கிவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். பேத்தி நாலு பேரிடம் கேட்டு, இரண்டு தப்பான விடைகளையும் தாண்டித்தான் அதற்கு வர வேண்டும். முதல் நாள் மேகம் மூடிக் கெடுக்கட்டும். மறுநாளும் சோதனை நடக்கும். அப்போதும் கம்பின் நிழல் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டும் பார்த்தால் போதும் என்பதைக் கதைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பேசும் விலங்குகள். அவற்றை விட வேண்டியதில்லை. பல்லி பேசினால் பிள்ளைகள் ஏமாந்துபோவதில்லை, விளையாட்டு என்று அவர்களுக்கே தெரியும். அதன் உடம்பைப் பற்றிப் பொய் சொன்னால்தான் ஏமாந்துபோவார்கள். உங்கள் பல்லி பாடட்டும், கோபித்துக்கொள்ளட்டும், கொசுவோடு சண்டை போடட்டும். ஆனால் அறுந்த வால் திரும்ப வளர்ந்தால் உள்ளே எலும்பை வைத்துவிடாதீர்கள். அங்கே வளர்வது குருத்தெலும்பு. புது வாலின் நிறமும் செதில்களும் பழைய வால் மாதிரி இருக்காது. கதையைப் படித்த பிள்ளை அன்றிரவு விளக்கடியில் இருக்கும் பல்லியைப் பார்த்து, அது வாலை இழந்து மீண்டதா என்று சோதிக்கலாம். சோதிக்கும்போது உங்கள் கதை பொய்யாகிவிடக் கூடாது.

அன்புடன்